நாலாவது ஆள்

காட்டுக்குள் நடக்க வனத்துறை கொடுத்த அனுமதிச் சீட்டில் ஆட்கள் நாலு என்று எழுதியிருந்தது. சரசு அதை இரண்டு முறை படித்தாள். வீட்டில் இருப்பதோ மூன்று பேர். அவள், கணவன் ரத்தினவேல், எட்டு வயது மகள் சுசித்ரா.

"ஏனுங்க, நாலுன்னா சொன்னீங்க?"

"மூணுன்னுதான் சொன்னேன். அந்த கிளார்க்கு எனக்குப் பின்னால எட்டிப் பாத்துட்டு நாலுன்னு எழுதிட்டான். போனாப் போகுது, உடு."

ரத்தினவேலுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. ஒரு வாரமாக அவனுக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை நடையைத் தவிர வேறு நினைப்பில்லை. தொண்ணூற்றாறாம் வருடக் காலண்டரிலிருந்து கிழித்த தாளின் பின்பக்கம் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தான். மைசூர் டவுன் பஸ் போய்த் திரும்பும் இடத்தில் காட்டின் கேட். அங்கிருந்து மூங்கில் புதர், ஏரிக்கரை, பழைய காவல் கோபுரம், மறுபடி அதே கேட். ஒன்றரை மணி நேரம்தான். புள்ள தூங்கிக்கிட்டே நடந்துரும் என்று பெருமையடித்துக்கொண்டான்.

சரசு பிறந்த கொள்ளேகாலில் மூன்று பேராக எங்கும் கிளம்ப மாட்டார்கள். கிளம்பியே ஆகவேண்டும் என்றால் ஒரு கல்லைக் கையோடு எடுத்துக்கொள்வார்கள். அதுதான் நாலாவது ஆள். வழியில் எங்காவது விட்டுவிட்டு வருவார்கள். சீட்டில் நாலு என்று இருப்பதும் ஒருவிதத்தில் நல்லதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வாசலில் கொட்டிக்கிடந்த ஜல்லியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கினாள். வீட்டைவிட்டு இறங்கும்போது எடுக்கவேண்டிய கல்லை, மறந்துவிடுவோமே என்று வெள்ளிக்கிழமையே எடுத்து உள்ளே கொண்டுவந்து சமையலறை ஜன்னலில் வைத்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையிலிருந்து சமையலறையில் நனைந்த மூங்கில் சருகின் வாடை, கொதிக்கும் ரசத்தையும் காபிப்பொடியையும் மீறி, அவள் போகுமிடமெல்லாம் கூடவே வந்தது. மதியம் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது கீழே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கவிழ்ப்பதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் இரண்டு தரம் உதறும் சத்தம். சரசுதான் அப்படி உதறுவாள். இறங்கிப் போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. தட்டுகள் மட்டும் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. சாயங்காலம் சுசித்ரா இரட்டைப் பின்னலோடு வந்து நின்றாள்.

"யாரு கண்ணு பின்னி உட்டது?"

"நீதானேம்மா. கொத்தில்வா?" தெரியாதா என்று கன்னடத்தில் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

சரசு பிள்ளையை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். வந்திருப்பது எதுவானாலும் அது தன் பிள்ளையைத்தான் குறி வைக்கிறது.

"நாளைக்குப் போகவேண்டாமுங்க."

"சீட்டு வாங்கியாச்சு, புளி ஊற வெச்சாச்சு. ஒரு கல்லுக்குப் பயந்துக்கிட்டு ஊட்டுல உக்காரச் சொல்றியா?"

அவனுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அந்தக் கல்லை வீட்டில் வைத்திருக்கவும் பயம், குப்பையில் வீசவும் பயம். சேர்த்துக்கொண்ட ஆளை வழியில்தான் விடவேண்டும். பென்சிலை வாங்கி, அவன் போட்ட வட்டத்தில் ஏரிக்கரை இருந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். அங்கே கல்லை விட்டுவிடுவது; மற்றபடி பிள்ளையின் கையை விடவே கூடாது.

ஞாயிறு காலை கேட்டில் காவலாளி தொட்டையன் சீட்டை வாங்கிக்கொண்டு விரல் நீட்டி எண்ணினார். ரத்தினவேல், சுசித்ரா, சரசு. விரல் அவளைத் தாண்டி, பக்கத்தில் வெறும் இடத்தின்மேல் ஒரு கணம் நின்றது.

"நாலு. சரி, போங்க."

மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசி முனகின. காலுக்கடியில் சருகு நொறுங்கியது. ரத்தினவேலின் ஷூ, சுசித்ராவின் துள்ளல், அவளுடைய ரப்பர் செருப்பு. அப்புறம் இன்னொரு ரப்பர் செருப்பு. அவள் நின்றால் அதுவும் நின்றது. நடந்தால் நடந்தது. சரசு பிள்ளையின் கையை இறுக்கினாள்.

"வலிக்குதும்மா."

ஏரிக்கரை. பையிலிருந்து கல்லை எடுக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. ஒரு நொடிதான். சுசித்ராவை விட்டாள். கல் வெதுவெதுப்பாக இருந்தது. குனிந்து வைத்தாள். நிமிர்ந்தாள்.

மூன்று பேர் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

ரத்தினவேல். சுசித்ரா. பிள்ளையின் கையைப் பிடித்தபடி, சரசுவின் ஊதாப் புடவையில், ஒருத்தி.

ஓடினாள். இடைவெளி குறையவில்லை. கத்தினாள். தொண்டையில் காற்றுகூட இல்லை. காவல் கோபுரம். பாதை வளைந்தது. கேட்.

"நாலு பேர் போனீங்களே?" தொட்டையன் கேட்டார்.

"நாங்க மூணே பேருதானுங்க. நாலாவது வெறுங்கல்லு. ஏரிகிட்ட உட்டுட்டு வந்துட்டோம்," என்றாள் ஊதாப் புடவைக்காரி, சரசுவின் குரலில்.

தொட்டையன் சிரித்துக்கொண்டே கேட்டைப் பூட்டினார். சரசு வந்து கம்பியைப் பிடித்தாள். அவர் அவளை ஊடுருவிக் காட்டைப் பார்த்துவிட்டு, தம் நாற்காலிக்குப் போனார்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ரத்தினவேல் ஏறிவிட்டான். படியில் கால் வைத்த சுசித்ரா திரும்பினாள். நேராக சரசுவைப் பார்த்தாள். என் பிள்ளைக்கு என்னைத் தெரிகிறது! சரசு கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டினாள்.

பிள்ளையின் முகம் வெளுத்தது. வீலென்று அலறி, பக்கத்தில் நின்றவளின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, அந்த ஊதாப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.