அணைந்த திரையில் உப்பு வாடை

எது முதலில் நடந்தது என்று மகேஸ்வரிக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. திரை அணைந்த பிறகு உப்பு வாடை வந்ததா, வாடை வந்த பிறகு திரை அணைந்ததா. அவள் நினைவை நம்பித்தான் இந்தக் கதை. வரிசை பிசகியிருக்கலாம்.

சிதம்பரத்தில் ஒரு பொறியாளரிடம் கட்டட வரைபடம் போடும் வேலை அவளுக்கு. கீழ வீதிக்குப் பின்னால் ஒரு மாடி அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மீன்பிடிப் படகு வைத்திருக்கும் அண்ணன் பூவராகன் கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து, கனமான கேமிங் லேப்டாப் ஒன்றை அவள் மேசையில் வைத்தான்.

“புதுசாண்ணே?”

“உனக்குன்னு வாங்குனதுதான். வெள்ளிக்கிழமை நிச்சயத்துக்கு மட்டும் தலைய ஆட்டிடு மகே.”

அந்தத் தலையாட்டலைத்தான் அவள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று பேசிவைத்திருந்த மாமா மகன் அரசு, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு வார்த்தை சொல்லாமல் பெங்களூருக்குப் பஸ் ஏறிவிட்டான். அங்கே வேறொருத்தியோடு இருக்கிறான் என்று விசாரித்து வந்து சொன்னவன் பூவராகன். அரசுவைச் சபித்துச் சபித்து அவள் வாய் ஓய்ந்துபோயிருந்தது. ஆனாலும் இன்னொருவனுக்குச் சம்மதம் சொல்ல மனம் வரவில்லை.

லேப்டாப்பில் வரைந்த வீட்டைத் திரையில் சுழற்றிப் பார்க்கும்போதெல்லாம் திரை அணைந்தது. சில நொடிகளில் மீண்டும் வரும். படம் காட்டும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் நின்றுபோய் மறுபடி இயங்குகிறது என்று மூலையில் ஒரு செய்தி காட்டும். அவள் டிரைவரை அடியோடு நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டாள். பழைய பதிப்பைப் போட்டாள். தானாக வரும் அப்டேட்டை நிறுத்தினாள்.

அணைவது நிற்கவில்லை. இருட்டு நீண்டுகொண்டே போனது.

அந்த இருட்டில் அவள் முகம் தெரியும். அவள் தோளுக்குப் பின்னால் ஈரத் தலை ஒன்றும் தெரியும்.

திரும்பினால் யாரும் இல்லை. அறை முழுக்க உப்பு வாடை.

மேல வீதியில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் பிரிசில்லாவிடம் எடுத்துப்போனாள். பிரிசில்லா அடிமூடியைக் கழற்றியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இன்னாக்கா இது, லேப்டாப்பா கருவாட்டுக் கூடையா?”

போர்டு முழுக்க உப்பு பூத்திருந்தது. சூட்டை வெளியேற்றும் செம்புக் குழாய் பச்சை படிந்து, இடுக்குகளில் மணல் அடைந்திருந்தது.

“மேல்பக்கம், கீபோர்டு எல்லாம் புதுசா மாத்தியிருக்காங்க. உள்ளுக்குள்ள கடல்ல ஊறுன மிஷின். இது ஆன் ஆகவே கூடாதுக்கா.” பிரிசில்லாவின் குரல் இறங்கியது. “ஃபேன் வயர வலை நூலால கட்டியிருக்காங்க பாருங்க.”

மகேஸ்வரி பார்த்தாள்.

வலை பின்னும் வீடுகளில் முடிச்சைப் பார்த்தே கையைச் சொல்லிவிடுவார்கள். மகேஸ்வரி இடதுகைக்காரி. அவள் போடும் முடிச்சு மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கம் திரும்பும்.

அந்த முடிச்சும் எதிர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

அரசுவின் லேப்டாப்பில் வயர் உரசுகிறதென்று அவள்தான் ஒருநாள் கட்டிக்கொடுத்தாள். அதைப் பையில் போட்டுக்கொண்டுதான் அவன் பஸ் ஏறினான் என்று அண்ணன் சொல்லியிருந்தான்.

மறுநாள் மதியம் பூவராகனை வரச்சொன்னாள். மூடி கழன்ற மிஷினைத் தலைகீழாகக் காட்டி, பிறகு நிமிர்த்தி ஆன் செய்தாள்.

“அரசு எங்கண்ணே?”

கீழே தெருவில் ஐஸ் வண்டி மணி கேட்டு ஓய்ந்தது.

“கடைசியா ஒருவாட்டி கடலுக்குப் போயிட்டு அப்படியே வேலைக்குப் போறேன்னு பையோட என் படகுல வந்தான். உன்ன எப்ப கட்டிக்குவான்னு கேட்டேன், பேச்சு முத்திப்போச்சு. தண்ணியில தள்ளுனேன். மேல வந்துடுவான்னுதான் பாத்துட்டு நின்னேன்.”

திரை அணைந்தது.

“பைய அங்கியே வீசிட்டேன். ஒரு வருசம் கழிச்சி இது மட்டும் என் வலையில ஏறுச்சு. மறுபடி போட்டேன். மறுபடி ஏறுச்சு மகே.”

“அதை ஏன் எங்கிட்ட குடுத்த?”

“உங்கிட்ட இருந்தா அடங்கிடுவான்னு அம்மாதான் சொன்னா.”

அப்பாவுக்குப் பிறகு அவள் நம்பியது இரண்டே பேரை.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“மொத நாள்லேர்ந்து.”

இந்த முறை வெளிச்சம் திரும்பவில்லை. கறுத்த திரையில் அவள் முகம், அண்ணன் முகம். இரண்டுக்கும் நடுவில் ஈரத் தலை.

அது அவளைப் பார்க்கவில்லை. பூவராகனையே பார்த்துக்கொண்டிருந்தது.

“திரும்பாத,” என்று பூவராகன் கிசுகிசுத்தான். அவன் சட்டைக் காலரிலிருந்து தண்ணீர் சொட்டியது.

நிச்சயம் நடக்கவில்லை. அன்று சாயங்காலமே மகேஸ்வரி கடலூருக்குப் போய் அரசுவின் அம்மா வேலம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இரண்டு பேரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். பூவராகன் சிறையில் இருக்கிறான். உடல் கிடைக்காததால், அரசுவின் சட்டை ஒன்றை வைத்து வேலம்மாள் காரியம் செய்தாள். மகேஸ்வரியின் அம்மா மகளோடு பேசுவதில்லை, மகளும் போவதில்லை. பிரிசில்லா கடையைக் குறிஞ்சிப்பாடிக்கு மாற்றிக்கொண்டாள். லேப்டாப்பைப் போலீஸ் எடுத்துப்போனது.

பூவராகனின் படகைக் கலியமூர்த்தி என்பவர் வாங்கினார். மூன்று பேர் போய் வலை இழுக்கிறார்கள். நாலு பேர் இழுப்பதுபோல இலேசாக வருகிறதாம். அவர்கள் அதைப் பற்றிக் கரையில் பேசுவதில்லை.