குவிந்த விரல்கள்

“நாம திரும்பி வர்ற வரைக்கும் அந்தப் பாப்பா காத்திருக்குமாப்பா?”

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஓர் ஆகஸ்ட் மாதத்து நடுப்பகலில், சூயஸிலிருந்து தூர் நகரத்துக்குப் போகும் கடலோரச் சாலையில் நிஸ்மா கேட்ட கேள்வி அது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஓட்டுநரான அப்பா பயூமியின் பக்கத்து இருக்கையில் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பயூமி அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. வண்டி நிறையக் கல்யாணக் கூட்டம். “மிதி உஸ்தா, மிதி! நாம போறதுக்குள்ள பொண்ணு கெழவியாயிடப் போறா!” என்று மாப்பிள்ளையின் மாமன் கத்த, மற்றவர்கள் சிரித்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சாலையோரத்தில், ஒற்றை வேலமரத்தின் பக்கத்தில் ஒருவன் நின்றான். தலைத்துணியால் முகத்தைச் சுற்றியிருந்தான். காலி பாட்டில் ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினான். பயூமியின் இருக்கைக்கு அடியில், ரேடியேட்டருக்கென்று எப்போதும் வைத்திருக்கும் நீல கேனில் இருபது லிட்டர் தண்ணீர் இருந்தது. கால் பிரேக்கின் மேல் போகத்தான் செய்தது. ஆனால் அழுத்தவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, ஐந்து விரல்நுனிகளையும் மேல்நோக்கிக் குவித்து, இரண்டு முறை ஆட்டினான். கொஞ்சம் பொறு, இதோ வந்துவிடுகிறேன். பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த சைகை.

“எந்தப் பாப்பா?” என்று பிறகுதான் கேட்டான்.

“அந்த மாமாவுக்குப் பின்னாடி, மரத்தடியில.”

அவன் பார்த்தது ஒரு ஆளை மட்டும்தான். “காத்திருக்கும்டா கண்ணு,” என்றான்.

தூரில் கல்யாண வீட்டார் விடவில்லை. ஆட்டுக்கறியும் சோறும் வைத்து, படுக்கப் பாயும் போட்டார்கள். விடியற்காலையில் திரும்பும்போது வேலமரத்தடியில் யாரும் இல்லை. பாட்டில் மட்டும் மணலில் நேராக நின்றது. யாராவது ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். இறங்கிப் பார்க்கவில்லை. அந்த வாரமே கூட்டாளி ஒருவனோடு தடத்தை மாற்றிக்கொண்டு இஸ்மாயிலியா பக்கம் ஓட்டப் போனான். காரணத்தை மனைவி அதியாத்திடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது நிஸ்மாவுக்கு எட்டு வயது. போன குளிர்காலத்தில் அவளுக்குத் தாகம் எடுக்கத் தொடங்கியது.

முதலில் யாரும் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு பானையோடு தூக்கிக் குடித்தாள். குளியலறைக் குழாயில் வாயை வைத்துக் குடித்தாள். குடித்த தண்ணீர் எங்கே போகிறதென்றே தெரியவில்லை. உதடு வெடித்தது, நாக்கு வறண்டு சொரசொரவென்று மரப்பட்டைபோல் ஆனது, கன்னம் ஒட்டி, எடை குறைந்துகொண்டே வந்தது. மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். சர்க்கரை இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது. கடைசி டாக்டர் காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு, “இப்படியே போனா இந்தக் கோடையைத் தாண்டாதும்மா,” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

அதன் பிறகுதான் அதியாத் நேர்ந்துகொண்டாள். தூரில் மூசா நபியின் வெந்நீர் ஊற்றில் பிள்ளையை ஏழு முறை முக்கி எடுப்பது என்று. “நீங்க ஓட்டுன ரூட்டுதானே, அபூ நிஸ்மா? எதுக்கு இப்படி மூஞ்சி வெளுக்குது?” என்று, மகளின் பெயரைச் சேர்த்தே எப்போதும் கூப்பிடும் கணவனைக் கேட்டாள்.

பயூமியால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

வேலமரத்தைக் கடந்தபோது மணி மூன்றிருக்கும். அவன் தார்ச்சாலையின் வெள்ளைக் கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. கடந்த பிறகு கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தான். நிஸ்மா அம்மாவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கை மட்டும் தானாக மேலெழுந்து நின்றது. ஐந்து விரல்களும் குவிந்திருந்தன.

ஊற்று, மலையடிவாரத்தில் பேரீச்சந்தோப்புக்கு நடுவே, தூர் நகரத்துக்கு இந்தப் பக்கமே இருந்தது. ஹஜ்ஜிலிருந்து கப்பலில் திரும்பியவர்களை நோய்க்குப் பயந்து அடைத்து வைத்த பழைய கட்டடங்களையும், அங்கேயே இறந்துபோனவர்களின் கபுருகளையும் பார்த்து ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போகலாம் என்று அதியாத் ஆசைப்பட்டாள். “திரும்பும்போது,” என்றான் பயூமி. சொன்ன பிறகு அந்த வார்த்தை வாயிலேயே கசந்தது.

ஊற்றைக் கவனித்துக்கொள்ளும் பெதூயின் நாடோடி இனத்து இளைஞன் ஃபரேஜ், தோப்பு வாசலிலேயே எதிர்கொண்டான். “வா உஸ்தா, வா! மூசா நபி குளிச்ச தண்ணி. சோப்பு மட்டும் நீங்கதான் கொண்டு வரணும். பொம்பளைங்க மொதல்ல. தண்ணியைக் குடிச்சிடாதீங்க, அழுகின முட்டை மாதிரி இருக்கும்.”

“எனக்குத் தாகமா இருக்கு,” என்றாள் நிஸ்மா.

“அதுக்கென்ன, என் பானைத் தண்ணி இருக்கே. குடி, ராணி.” குவளையில் மொண்டு கொடுத்தான். மறுபடி கொடுத்தான். ஐந்தாவது குவளைக்கு, “ஒட்டகமே தோத்துடும்போல இருக்கே!” என்று சிரித்தான். பதினோராவது குவளையில் சிரிப்பு நின்றுபோனது. பானையை மூடாமலேயே பயூமியின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினான்.

“உஸ்தா, இந்தப் புள்ளை தனக்காகக் குடிக்கல.”

“என்னப்பா உளர்றே?”

“தெரியல. பார்த்தா அப்படித் தோணுது. தப்பா நெனைக்காதே.”

கொஞ்ச நேரத்தில் கம்சீன் புழுதிக்காற்று கிளம்பியது. மலைக்குப் பின்னாலிருந்து மஞ்சளாக எழுந்து, சூரியனைப் பித்தளைக் காசுபோல் மங்கவைத்து, பகலிலேயே அந்தி மயங்கும் நேரத்தைக் கொண்டுவந்து போட்டது. மற்ற குடும்பங்கள் குழந்தைகளை வாரிக்கொண்டு கார்களில் ஏறின. ஃபரேஜ் ஆடுகளைப் பிடித்துக் கட்ட ஓடினான். குளியலறைக் கல்படியில் பயூமி தனியாக உட்கார்ந்திருந்தான். பேரீச்ச ஓலைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை, உள்ளே கல்சுவரில் வெந்நீர் மோதும் ஓசை, கந்தக வாடை, பல்லில் அரைபடும் புழுதி, எல்லாவற்றுக்கும் நடுவே அதியாத்தின் குரல் ஒவ்வொரு முழுக்காக எண்ணிக்கொண்டிருந்தது.

“மூணு… பிஸ்மில்லாஹ். நாலு…”

உள்ளேயிருந்து வழிந்த நீரில் படிகள் முழுக்க நனைந்திருந்தன. அவன் காலடியில், அந்த ஈரத்தில், உலர்ந்த திட்டு ஒன்று தெரிந்தது. குனிந்து பார்த்தான். பாதம். சுற்றிலும் ஈரம், பாதம் பதிந்த அளவுக்கு மட்டும் கல் வெயிலில் காய்ந்ததுபோல் வெளுத்திருந்தது. அதற்கு மேல்படியில் இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. அவனைக் கடந்து உள்ளே போயிருந்தன.

அவன் உள்ளங்கையை ஒன்றின் மேல் வைத்துப் பார்த்தான். நிஸ்மாவின் பாதம் இதைவிடப் பெரியது. நடக்கப் பழகாத குழந்தையின் பாதம் இது.

“அஞ்சு… ஆறு…”

ஏழு வரவில்லை.

“அதியாத்?”

அவள் ஈரத்துணியோடு வாசலுக்கு வந்தாள். “இங்கதானே வந்தா? ‘அப்பாகிட்டப் போறேன்’னு எழுந்து நடந்தாளே.”

“என்கிட்ட வரல.”

“விளையாடாதீங்க, அபூ நிஸ்மா!”

பின்பக்கம் ஒரு வாசல் இருந்தது. அதன் வழியாக ஈரப் பாதங்கள் மணலில் இறங்கிப் போயிருந்தன. நிஸ்மாவின் பாதங்கள்தான். சின்னச் சின்ன அடிகளாக, இடது பக்கம் லேசாகச் சாய்ந்து, தன்னைவிடச் சிறிய ஒன்றைக் கைப்பிடித்து நடத்திக் கூட்டிப்போகிறவளைப்போல. அந்த இடது பக்கத்து மணலில் ஒரு கீறல்கூட இல்லை. பாதங்கள் சாலைவரை போயின. வடக்கே திரும்பின. அதற்கு மேல் புழுதி.

அதியாத்தும் ஃபரேஜும் தோப்புக்குள் பெயர் சொல்லிக் கூவிக்கொண்டு ஓடினார்கள். பயூமி வண்டியில் ஏறினான். வேலமரம் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர். எட்டு வயதுப் பிள்ளை, அதுவும் இந்த உடம்போடு, ஐந்து நிமிஷத்தில் அங்கே போயிருக்க முடியாது. அவள் அங்கேதான் இருப்பாள் என்று அவனுக்குத் தெரிந்தது.

விளக்கு வெளிச்சம் இரண்டு முழத்துக்கு மேல் போகவில்லை. மணல் கண்ணாடியில் சீறியது. அவன் வாய்விட்டுப் பேசினான், அழுதான். “யா ரப், செஞ்சது நான். அவ கேட்க மட்டும்தான் செஞ்சா. நான்தான் நிறுத்தல. மூணு வருஷம் யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்டகூடச் சொல்லல. என்னை எடுத்துக்கோ. அவளை விட்டுடு.” ஐந்து கிலோமீட்டர். ஆறு. இருக்கைக்கு அடியில் நீல கேன் தளும்பியது. ஒவ்வொரு பள்ளத்திலும். தளக், தளக். யாரோ விழுங்குவதைப்போல.

மரம்.

பிரேக்கை முழுதாக மிதித்தான்.

நிஸ்மா மரத்தடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஈரமாக வெளியேறியவளின் துணி எலும்புபோல் காய்ந்திருந்தது. இரண்டு கைகளையும் வளைத்து மடியில் எதையோ ஏந்தியிருந்தாள். மடியில் எதுவும் இல்லை.

“ஷ்… இப்பத்தான் தூங்குச்சு,” என்றாள். “ரொம்ப நேரம் அழுதுச்சுப்பா.”

அவளை வாரி எடுத்தான். வைக்கோல் கட்டு கனம். கைகள் ஏந்தியபடியே விறைத்திருந்தன. வண்டியில் கிடத்தி, வாயருகே தண்ணீரைக் கொண்டுபோனான். நான்கு மாதமாகத் தண்ணீருக்குத் தவித்த பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“மொதல்ல பாப்பாவுக்கு.”

கண்கள் சொருகின. மூச்சு இருந்தது. மெல்லியதாக. இடைவெளி விட்டு.

கதவைச் சாத்தினான். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை கிடைத்துவிட்டாள். கியரைப் போட்டால் போதும். தூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. ஊசி, குளுக்கோஸ், ஏதாவது. முதலில் இவளை விட்டுவிட்டு, பிறகு வரலாம். நிச்சயமாக வரலாம். தன் வலது கை ஜன்னலை நோக்கி எழுவதைப் பார்த்தான். விரல்கள் ஒன்றையொன்று நெருங்கிக்கொண்டிருந்தன.

இடது கையால் அவற்றைப் பிடித்துப் பிரித்தான். வலித்தது.

என்ஜினை அணைத்தான். கேனைத் தூக்கிக்கொண்டு இறங்கினான்.

மரத்தை வேரோடு ஆட்டுகிற காற்றில் அந்த பாட்டில் நேராக நின்றது. அதன் பின்னால் ஒரு மணல்மேடு. மேட்டிலிருந்து தலைத்துணியின் நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காற்று அதை அசைக்கவில்லை.

மண்டியிட்டான். மூடியைத் திருகினான். “பிஸ்மில்லாஹ்” என்று சொல்லித் துணி இருந்த இடத்தில் ஊற்றினான்.

மணல் நனையவில்லை. சத்தமும் இல்லை. தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

பிறகு துணிக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது. பெரிய கை, வெயிலில் காய்ந்த தோல். அது கேனின் வாயைப் பிடித்தது. தன் பக்கம் இழுக்கவில்லை. மெதுவாக, மரியாதையாக, இடது பக்கம் தள்ளியது. அங்கே இன்னொரு மேடு. ஒரு முழம் இருக்கும்.

அன்றைக்கும் அந்த ஆள் தனக்காகக் கேட்கவில்லை.

பயூமி அங்கே ஊற்றினான். அங்கே சத்தம் கேட்டது. சின்னத் தொண்டை விழுங்கும் சத்தம். க்ளக். மூச்சு. க்ளக். அவசரமாக, புரையேறி, மறுபடி. இருபது லிட்டர். நிறுத்தாமல் ஊற்றினான். கேன் லேசானது. பெரிய கை அந்தச் சின்ன மேட்டை இரண்டு முறை தட்டிக்கொடுத்தது. மணலுக்குள் போய்விட்டது.

சாலையில் ஒரு வண்டியும் வரவில்லை. பார்க்க யாரும் இல்லை.

கடைசிச் சொட்டுகளை உள்ளங்கையில் ஏந்தினான். மேட்டின் உச்சியில் மணல் சரிந்தது. ஒரு சின்னக் கை வெளியே வந்தது. பேரீச்சங்கொட்டை அளவு விரல்கள். ஐந்தும் நுனியோடு நுனி சேர்ந்து, மேல்நோக்கிக் குவிந்திருந்தன. அவன் சொன்னதற்குக் கீழ்ப்படிந்து. மூன்று வருஷமாக.

ஈரக் கையால் அதைத் துடைத்தான். விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

பின்னால் வண்டிக்குள்ளிருந்து நிஸ்மாவின் குரல் கேட்டது. தூக்கக் கலக்கமான, ஈரமான குரல். “அப்பா… தாகம் போயிடுச்சு.”

பதில் சொல்ல அவன் வாயைத் திறந்தான். அப்போது அந்தக் கை, எந்தக் கைக்குழந்தையும் செய்வதைப்போல, அவனுடைய ஆள்காட்டி விரலைச் சுற்றி மூடிக்கொண்டது. குளிர்ந்திருந்தது. இறுக்கியது. விடவில்லை.

பயூமி விரலை உருவிக்கொள்ளவில்லை. புழுதி அவன் முழங்காலை மூடி, இடுப்புவரை ஏறிக்கொண்டிருக்க, அதுவாக விடுகிற வரைக்கும் காத்திருந்தான்.