வாசலில் பொங்கிய குழி

பால் பொங்குவதற்கு முன்பே எங்கள் புது வீட்டு வாசலில் தண்ணீர் பொங்கியது.

அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை. வாழைமரம் நடுவதற்காக அப்பா கேட் ஓரத்தில் தோண்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்றது. அது "குளுக் குளுக்" என்று கொப்புளம் விட்டது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அத்தை, இங்க வந்து பாருங்க!"

அப்பாவின் அக்கா இராஜம்மா அத்தை ஓடி வந்தார். பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஆத்தா! ஊத்தா வந்து நிக்கிறியா? தம்பி சசி, சூடம் கொண்டாடா! வீடு குடிபோற அன்னிக்கு அம்மனே வந்துட்டா!"

அப்பா சூடத் தட்டோடு வந்தார். தோட்டத் தொழிலாளர்களுக்கான லயத்து வீட்டை விட்டு அசாம் ஜாவா ஊரில் சொந்த வீட்டுக்கு வருவது அவருடைய கனவு. அன்று யார் எது சொன்னாலும் தலையாட்டினார்.

எனக்கோ மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. அழுகிய முட்டை நாற்றம்! அம்மன் வந்தால் மல்லிகை வாசம்தானே வரவேண்டும்?

வீட்டுக்குப் பின்னால் இருந்த புல்மேட்டைப் பார்த்தேன். வீடு விற்றவர் அதைப் பூங்கா என்றார். அந்தப் பூங்காவில் ஒரு மரம்கூட இல்லை. குழாய்கள் மட்டும் ஆங்காங்கே நீட்டிக்கொண்டு நின்றன.

இதே படத்தை அறிவியல் பாடத்தில் பார்த்திருக்கிறேன்! மூடிய குப்பைமேடு. உள்ளே குப்பை அழுகும்போது வரும் வாயு தீப்பிடிக்கும். அதை வெளியேற்றத்தான் அந்தக் குழாய்கள்.

அத்தை தீக்குச்சியை எடுத்தார்.

"பத்தவைக்காதீங்க!" தீப்பெட்டியைப் பிடுங்கிவிட்டேன்.

"துளசி! சாமி காரியத்துல விளையாடாத லா!"

ஒரு கம்பைக் குழிக்குள் விட்டேன். ஏதோ மாட்டியது. இழுத்தேன். கறுப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட, குழந்தைக்குப் போடும் பம்பர்ஸ் ஒன்று வெளியே வந்தது. கூடவே ஒற்றைச் சிலிப்பர்.

"அத்தை, அம்மன் பம்பர்ஸ் போடுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"குப்பை மேலயா நமக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்காங்க?"

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. பால் காய்ச்ச உள்ளே போனாரே! விழுந்தடித்து ஓடினேன். அம்மாவின் கை அடுப்பின் திருகில் இருந்தது.

"அம்மா, வேணாம்!"

கை அப்படியே நின்றது.

அப்பா எல்லோரையும் தெருவுக்குக் கூட்டிவந்து பொம்பாவுக்குப் போன் செய்தார். தீயணைப்பு வண்டி வந்தது. வீரர் ஒருவர் வாயுவை அளக்கும் கருவியைக் குழிக்குள் நீட்டினார். அது வீலென்று கத்தியது. சமையலறைச் சாக்கடை ஓட்டையிலும் அதே சத்தம்.

முழுதாகச் சோதித்து முடிக்கும்வரை அந்த வரிசை வீடுகளில் யாரும் தங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

"வித்தவனை நான் சும்மா விடப்போறதில்ல," என்றார் அப்பா. பாலையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு லயத்துக்கே திரும்பினோம்.

பழைய அடுப்பில் அம்மா பாலை வைத்ததும், அத்தை தீப்பெட்டியோடு என்னிடம் வந்தார்.

"துளசி, நீ மோந்து பாத்துச் சொல்லு லா. அப்புறம்தான் பத்தவைப்பேன்."

நான் நன்றாக மூச்சை இழுத்தேன். அத்தையின் தலையிலிருந்து மல்லிகை வாசம் மட்டும்தான் வந்தது.

"ம், பத்தவைங்க அத்தை."