கம்பியின் தலையில் கட்டைவிரல்

சம்மட்டி கழுவியிருந்தது.

குழாயடியில் இரண்டு மணி நேரம் நின்று தண்ணீர் பிடித்துவந்த கிருஷ்ணம்மா, குடத்தை இறக்கும்போதே அதைக் கண்டாள். மாமனார் காத்தவராயனின் அந்த ஒன்பது ராத்தல் சம்மட்டி வீட்டுக்கு வந்த நாள்முதல் தண்ணீர் கண்டதில்லை. சுரங்கத்துச் சேறு பிடியோடு காய்ந்து, தோல்போல ஒட்டிக் கிடக்கும். இன்று அது மூலையில் பளிச்சென்று சாய்ந்திருந்தது. இரும்பிலிருந்து சொட்டிய நீரில் மண்தரை கருத்திருந்தது.

மணி மூன்றுதான். ஆனால் ஐப்பசி மழை கட்டிக்கொண்டு நின்றதில் மூங்கில் தட்டி வீடுகளின் வரிசை முழுவதும் இருண்டிருந்தது. தங்கக் கல்லை நொறுக்கும் மில் அப்பால் இடித்துக்கொண்டே இருந்தது. இரவும் பகலும் ஓயாத சத்தம் அது. சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக் குடியிருப்பில் பிறந்த குழந்தைகள் அது நின்றால்தான் விழித்து அழும்.

வாசலை ஒட்டிக் கோணிமேல் கிழவர் உட்கார்ந்திருந்தார். தலைப்பாகை கட்டி, முன்பக்கம் களிமண் உருண்டை அப்பி, அதில் மெழுகுவத்தியைக் குத்திக் கொளுத்தியிருந்தார். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறிச் சுரங்கத்துக்குள் இறங்குகிறவன் செய்வதுபோல.

அவர் இறங்குவதை நிறுத்தி மூன்று வருஷமாகிறது. அதற்கு முன்னால் இருபது வருஷம் சம்மட்டி ஆள். வெடி வைக்கத் துளை போட, ஒருவன் இரும்புக் கம்பியைப் பாறையில் நிறுத்திப் பிடிப்பான், இவர் அதன் தலையில் அடிப்பார். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. நிறுத்தவேண்டுமானால் பிடிக்கிறவன் கம்பியின் தலைமேல் கட்டைவிரலை வைப்பான். சம்மட்டி அந்தரத்தில் நின்றுவிடும். இருபது வருஷத்தில் ஒருவன் விரலைக்கூட நசுக்கியதில்லை என்பது அவர் பெருமை.

பிறகு புத்தி தடுமாறத் தொடங்கியது. சாப்பிட்டது மறந்தது, மகன் பேர் மறந்தது, பெண்டாட்டி செத்ததும் மறந்தது. கட்டைவிரல் மட்டும் மறக்கவில்லை. ஆடி மாதம் எதிர்வீட்டு நாயை அடித்துக் கூழாக்கிவிட்டு வீட்டுக் கம்பத்தை அடிக்க ஆரம்பித்தவரை, மகன் முனிரத்தினம் அப்படித்தான் நிறுத்தினான். கம்பத்தின்மேல் கட்டைவிரல். அவ்வளவுதான், ஆள் பொம்மையாய் நின்றார்.

"தடுக்காதே, கத்தாதே. வெரல வையி, போதும்," என்று பெண்டாட்டி கிருஷ்ணம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தான். நாயைக் குப்பைமேட்டில் புதைத்தார்கள். "வெளிய சொன்னா அப்பாவைச் சங்கிலி போட்டு இட்டுனு பூடுவாங்க," என்றான்.

சம்மட்டியை ஒளித்து வைத்தும் பார்த்தார்கள். கிழவர் விடியவிடியத் தலையைச் சுவரில் முட்டினார். மடியில் கொடுத்தால் குழந்தைபோலத் தூங்கினார். கொடுத்துவிட்டார்கள்.

ஆனாலும் நாலு வயது மகள் குணசுந்தரியை அவரிடம் தனியே விட்டதில்லை. இன்றும் அடுத்த வீட்டு வெங்கடம்மாவிடம்தான் விட்டுப் போயிருந்தாள். வெங்கடம்மா உலக்கையோடு கேழ்வரகு இடிக்க உட்கார்ந்திருந்தாள். கிருஷ்ணம்மா தண்ணீரோடு திரும்பி வரும்போது தெருமுனையிலேயே தொம், தொம் என்று கேட்டது. இடிக்கிறாள், பிள்ளை பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்தவளோடு நின்று பேசிவிட்டு வந்தாள்.

இப்போது மில் மட்டும்தான் இடித்தது.

"மாமா, சம்மட்டிய யாரு கழுவுனது?"

"நான்தான். பாறையில தண்ணி உட்டுச்சி."

"இன்னா தண்ணி?"

"செவப்புத் தண்ணி." கிழவர் சிரித்தார். "நீ யாரு, மேஸ்திரி பொண்டாட்டியா? இங்கெல்லாம் பொம்பள வரக்கூடாது. கேஜ் வந்தா ஏறி மேல போ."

அவருடைய வேட்டி ஓரம் விறைத்திருந்தது. ஈக்கள் மொய்த்தன.

"மாமா... குணா எங்க?"

"பழைய ஆளுக்குப் புடிக்கத் தெரியல. எத்தினி அடி அடிச்சேன், ஒரு தபாகூட வெரல் வெக்கல." சலித்துக்கொண்டார். "ஆள மாத்திட்டேன்."

கிருஷ்ணம்மா ஓடினாள். அடுத்த வீட்டுப் படலைத் தள்ளியதும் வாடை முகத்தில் அறைந்தது. உரலைக் கட்டிப்பிடித்தாற்போல வெங்கடம்மா கவிழ்ந்து கிடந்தாள். கைவளையல்கள் முழுசாயிருந்தன. தலை இருந்த இடத்தில் கேழ்வரகு மாவும் மயிரும் எலும்பும் ஒன்றாய்ப் பிசைந்து கிடந்தன. அவள் சாகும்வரை மட்டும் அடித்த வேலையல்ல அது. பாறையில் துளை போடுவதுபோல ஆழம் பார்த்து அடித்த வேலை.

பக்கத்தில் பாதி தின்ற வெல்லக்கட்டி. சின்னப் பல் பதிந்திருந்தது.

குழந்தை இல்லை. உரல் இருக்கிறது, உலக்கை இல்லை.

சம்மட்டி.

சம்மட்டியை அவரிடமே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே தட்டிதான். அதன் ஓட்டைகளில் மெழுகுவத்தி வெளிச்சம் நகர்ந்தது. அவள் வீட்டு அடுப்படிப் பக்கம். சாக்குப் படுதாவுக்குப் பின்னால். அங்கே அவள் பார்க்கவே இல்லை.

"ஆடாம புடிடா," என்றது கிழவரின் குரல், அன்பாக.

எப்படி ஓடினாள் என்று தெரியாது. குடம் காலில் பட்டு உருண்டது. படுதாவைக் கிழித்துக்கொண்டு உள்ளே விழுந்தாள்.

குணசுந்தரி நின்றிருந்தாள். உலக்கையை நேராக நிறுத்தி இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருந்தாள். அதன் பூண் அவள் உச்சந்தலைக்கு ஒரு சாண் மேலே. வாயோரம் வெல்லம்.

"அம்மா, நான் அசையவே இல்ல பாரு!"

சம்மட்டி மேலே ஏறியிருந்தது.

தடுக்காதே. கத்தாதே.

கிருஷ்ணம்மா கையை நீட்டி, பூணின்மேல் கட்டைவிரலை வைத்தாள்.

சம்மட்டி நின்றது.

"உட்டுட்டு வெளிய ஓடு, கண்ணு," என்றாள், உதடு அசையாமல். இடக்கையால் குழந்தையின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"தாத்தா உடக்கூடாதுன்னு சொல்லிச்சே." குழந்தை காலையும் சேர்த்து உலக்கையைச் சுற்றிக்கொண்டது.

மெழுகு சொட்டியது. அவள் புறங்கையில். இன்னொரு சொட்டு. விரலை எடுக்கவில்லை.

கிழவர் குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்து, இன்னும் கிட்டே வந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார்.

"இது இன்னா?" என்றார் மெதுவாக. "கம்பி மேல இது இன்னா ஒட்டினு கீது?"

"மாமா... வெரல்... கட்டைவெரல் மாமா..."

பாறைத்தூளை ஊதுவதுபோல அவள் விரலை ஊதினார். அது போகவில்லை. மறுபடியும் ஊதினார்.

பிறகு நிமிர்ந்தார். பிடியிலிருந்த இரண்டு கைகளும், ஓங்கி அடிக்கும் வழக்கப்படி, அடிப்பக்கமாக வழுக்கி இறங்கின. சம்மட்டி இன்னும் ஒரு முழம் மேலே போயிற்று.