லீலாபாயின் கைப்பிடிக் கண்ணாடி

செல்போன் அலறியது.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்த சஜன் எடுத்தான்.

"எஸ்.ஐ. தன்யா பேசுறேன். பாறசாலை. உங்க மாமி லீலாபாய் வீட்டுக்கு உடனே வரணும்."

"மாமிக்கு என்ன மேடம்?"

"நேர்ல சொல்லுதேன்."

லைன் கட்!

சஜன் மீதி டீயை ரசித்துக் குடித்தான். வீட்டையும் தோட்டத்தையும் சபைக்கு எழுதி வைக்க மாமி இனி இல்லை.

திட்டம் சுலபமானது. லீலாபாய்க்குக் கண் மங்கல் என்று ஊரே சொல்லும். மற்றவர்களைப்போல் மூக்கில் மாட்டுகிற கண்ணாடி இல்லை அவளுக்கு. தங்கப் பிடி போட்ட கைக்கண்ணாடி. அதைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துத்தான் ஆராதனையில் பாட்டுப் புத்தகம் பார்ப்பாள். அடுத்தவள் சேலையையும் எடைபோடுவாள்.

காலையில் சஜன் முதலில் அந்தக் கண்ணாடியைச் சட்டைப்பையில் போட்டான். பிறகு அவள் கண்ணெதிரிலேயே காப்பியில் பூச்சிமருந்தை ஊற்றினான்... சாவகாசமாக.

"என்ன மக்கா ஊத்துத?"

"சத்து டானிக் மாமி."

"செரி. அங்கன வை. ஆறட்டு."

இவ்வளவுதான் கொலை! இதற்குப் போய் எதற்குப் பலரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று நினைத்தபடி பஸ் ஏறியிருந்தான்.

இப்போது வீட்டு வாசலில் ஜீப் நின்றது. சஜன் கண்ணைக் கசக்கிச் சிவக்க வைத்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

"எனக்க மாமி போயிட்டாளே... எப்ப மேடம் உயிரு போச்சு?"

"யாருக்கு?" என்றாள் தன்யா.

அவளுக்குப் பின்னால் நாற்காலியில் லீலாபாய்! மடிப்புக் கலையாத பாலராமபுரம் சேலை. மேஜையில் அதே காப்பி, ஆடை கட்டிக் கிடந்தது.

"நீ இதில பூச்சிமருந்து ஊத்தினத மாமி கண்ணால பாத்திருக்காங்க," என்றாள் தன்யா. சஜன் விடவில்லை.

"மாமிக்கு கண்ணு தெரியாது மேடம். கண்ணாடி இல்லாம என்னத்த பாத்தாங்க? கேஸ் நிக்காது."

"அதில பவர் கெடையாது. வெறும் கண்ணாடியாக்கும்," என்றாள் லீலாபாய். "பண்டு ஐரோப்பாவில மதாம்மமாரு, மூக்கில மாட்டினா அழகு போவும்னு பிடி வெச்சு கையில பிடிச்சினும். பெறவு கண்ணு நல்லா இருக்கப்பட்டவளுவளும் பவுசுக்கு பிடிச்சினும். நானும் பவுசுக்காக்கும்."

"அப்போ அந்தக் குப்பி..." என்றான் சஜன்.

"லேபிளு வரைக்கும் வாசிச்சேன். ஒன்ன எடுத்து வளத்தவ நான், சஜன்."

அவள் குரல் ஒருமுறை உடைந்தது. அவ்வளவுதான்.

விலங்கு மாட்டியாகிவிட்டது. தங்கத்தைத் தூக்கி எறிய மனசில்லாமல் சஜன் பையிலேயே வைத்திருந்த கண்ணாடியை எடுத்து, தன்யா ஒரு உறைக்குள் போட்டாள்.

"இது தொண்டிமுதல் மாமி, கோர்ட்டில காட்டவேண்டிய சாட்சிப் பொருளு. கேஸ் முடிஞ்சாத்தான் திருப்பிக் கிடைக்கும்."

லீலாபாய் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகப் பயம் தெரிந்தது.

"அப்போ சாட்சி சொல்ல நான் வெறுங்கையோட கூண்டில ஏறணுமா? ஜட்ஜி என்ன நெனப்பாரு?"