பழைய மெத்தையில் ஒரு தையல்

கடையில் படுத்துப் பார்க்கும்போது சுகமாக இருக்கிற மெத்தை வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே இருக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. அதனால்தான் அந்தச் சனிக்கிழமை காலை மறுபடியும் அதே கடைக்கு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு மெத்தையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். ரொம்ப நாளாக முதுகுவலி. கெட்டியான இடத்தில் படுத்தால் சரியாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு வெறும் பலகையில் படுத்தாள். வலி இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கியதுதான் மிச்சம். ஸ்டேஷனில் அவளுக்குப் 'பலகை மேடம்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் காதில் விழாமல்தான் சொல்வார்கள். விழுந்துவிட்டது.

விற்பனையாளர் பக்கத்தில் குனிந்து நின்றார்.

"இப்ப மல்லாந்து படுங்க மேடம். இடுப்புக்குக் கீழே கையை விடுங்க. லேசா நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிடுச்சுன்னா மெத்தை ரொம்ப கெட்டி. கை நுழையவே இல்லன்னா ரொம்ப மெது."

"பாதி போகுது. அப்புறம் மாட்டிக்குது."

"அப்ப இதுதான் உங்க மெத்தை."

"போன தடவை வேற ஒண்ணைக் காட்டி இதையேதான் சொன்னீங்க."

"அன்னைக்கு உங்க முதுகு வேற மாதிரி இருந்திருக்கும் மேடம்."

கண்ணாடிக் கதவு படாரென்று திறந்தது. ஒரு பெண் ஓடி வந்தாள். தலை வாரவில்லை. இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு. அவளுக்குப் பின்னால், கக்கத்தில் செய்தித்தாளோடு வயதான ஒருவர் நிதானமாக வந்தார்.

"எங்க பழைய மெத்தை எங்க? நேத்து புதுசைக் குடுத்துட்டு உங்க வண்டியில ஏத்திட்டுப் போனீங்களே!"

"பின்னாடி கிடங்குல இருக்கும்மா. மத்தியானம் லாரி வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போகும். ஏன், புதுசு பிடிக்கலையா?"

"அதுக்குள்ள வைரத்தோடு இருக்கு!"

விற்பனையாளர் ஓடினார். அந்தப் பெண் ஓடினாள். இன்ஸ்பெக்டர் முதலில் பக்கவாட்டில் திரும்பி, காலைத் தொங்கப் போட்டு, கையை ஊன்றி, டாக்டர் சொல்லிக் கொடுத்தபடி எழுந்தாள். செருப்பு மாட்டிக்கொண்டு கிடங்குக்குப் போவதற்குள் பழைய மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள்.

"இங்க பாரும்மா" என்றார் வயதானவர். மெத்தையின் ஓரத்தில் விரலை வைத்தார். விரல் நீளத்துக்கு ஒரு தையல். நீல நூல். நூல் இன்னும் அழுக்காகவில்லை. "யாரோ பிரிச்சுத் தைச்சிருக்காங்க."

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. "மாமாவைப் பாத்துக்க வர்ற சிஸ்டர் பையில நீல நூல்கண்டு பாத்திருக்கேன் சின்ன மாமா."

"நான் யாரையும் சொல்லல. ஒரு கத்தி குடுங்கப்பா, பிரிச்சுப் பாப்போம்."

பிரித்தார்கள். மஞ்சளாகிப் போன நுரைப்பஞ்சு. இன்ஸ்பெக்டர் கையை விட்டுத் துழாவினாள். மேலிருந்து கீழ் வரை ஒரே சமமாக இருந்தது. தோடு இல்லை.

"நீங்க யாரு?" என்றாள் அந்தப் பெண்.

"மெத்தை வாங்க வந்தேன். மத்த நாள்ல இன்ஸ்பெக்டர்."

அந்தப் பெண் அங்கேயே பழைய மெத்தை மேல் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

விஷயம் இதுதான். அவள் அந்த வீட்டு மருமகள். கணவனுக்குக் கப்பலில் வேலை. மாமனாருக்குச் சில மாதங்களுக்கு முன்னால் பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பேச்சு குழறிவிட்டது, ஒன்றிரண்டு சொல்தான் வருகிறது. செத்துப்போன மாமியாரின் வைரத்தோட்டைச் சின்னப் பித்தளை டப்பாவில் போட்டு அவர்தான் பத்திரமாக வைத்திருந்தார். புது மெத்தை போட அலமாரியை நகர்த்தியபோது, அதில் இருக்கும் என்று அவள் நினைத்திருந்த டப்பா இல்லை. காலையில் கேட்டாள். "மெத்தையில" என்றார். திரும்பக் கேட்டாள். திரும்பவும் அதே சொல்.

"வேற யாரெல்லாம் வீட்டுல?"

"பாத்துக்க வர்ற சிஸ்டர். இவர் மாமாவோட தம்பி, அண்ணனைப் பாக்க வந்தவர், இன்னைக்குக் கிளம்பறார். சாயங்காலம் என் வீட்டுக்காரர் போன் பண்ணுவார் மேடம். அவர் அம்மா தோடு. நான் என்னன்னு சொல்வேன்?" மூக்கைச் சிந்தினாள். "அதுக்குள்ள வரலன்னா சிஸ்டர் மேல புகார் குடுத்துடுவேன்."

இன்ஸ்பெக்டர் விற்பனையாளரிடம் திரும்பினாள். "படுத்திருக்கற அந்தப் பெரியவருக்கு மெத்தை பாத்துக் குடுத்தது நீங்களா?"

"அதை ஏன் கேக்கறீங்க! வீட்டுக்கே கொண்டு போய் ஒவ்வொண்ணா போட்டுக் காட்டினோம். கெட்டின்னாலும் வேண்டாம், மெதுன்னாலும் வேண்டாம். ஒண்ணுல படுக்க வச்சதும் 'ஆ'ன்னு கத்தினார். பாத்தா விரிப்புக்கு அடியில ஒரு சட்டை பொத்தான். உங்களை விட மோசம் மேடம்."

"சரி. வீட்டுக்குப் போவோம்" என்றாள் இன்ஸ்பெக்டர்.

சிஸ்டர் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். தன் பையை ஏற்கெனவே கொட்டி, எல்லாவற்றையும் மேசை மேல் பரப்பி வைத்திருந்தாள். சீப்பு, மாத்திரை, மாற்றுப் புடவை, நீல நூல்கண்டு. யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

"தைச்சது நீங்களா?"

"ஆமாம் மேடம்."

"எப்போ?"

"போன வாரம். ஓரம் கிழிஞ்சு பஞ்சு வெளிய வந்துச்சு. ஐயா கையில உரசிப் புண்ணாச்சு. அதான் தைச்சேன்."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இதைப் போய்ச் சொல்வாங்களா?" நூல்கண்டைத் தள்ளி வைத்தாள். "ஒரு புகார் வந்தா போதும் மேடம், ஏஜென்சியில பேரை எடுத்துடுவாங்க. அப்புறம் எந்த வீட்டுலயும் சேக்க மாட்டாங்க. என் பொண்ணு படிப்பு இதுலதான் ஓடுது."

பெரியவர் புது மெத்தையில் கிடந்தார். கண் மட்டும் கதவுக்கும் சிஸ்டருக்கும் போய்ப் போய் வந்தது. ஏதோ தப்பு நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. வாய் கோணி, எச்சில் வழிய, "மெத்த... மெத்தை" என்றார்.

"இதேதான் மேடம் சொல்றார்" என்றாள் மருமகள். "இந்தப் புது மெத்தையையும் தூக்கிப் பாத்துட்டேன்."

"இதுக்கு முன்னாடியும் இந்த வார்த்தை சொல்லியிருக்காரா?"

சிஸ்டர் யோசித்தாள். "அன்னைக்கு மழை பேஞ்சப்போ கத்தினார். 'மெத்தை நனையுது, மெத்தை நனையுது'ன்னு. ஒண்ணுக்குப் போயிட்டாரோன்னு ஓடி வந்து விரிப்பை உருவினேன். காய்ஞ்சுதான் கிடந்துச்சு. மாத்திட்டேன், அப்பவும் விடல. ஒரே கத்தல்."

"அன்னைக்கு வீட்டுல வேற ஏதாவது நனைஞ்சுதா?"

"மாடியில காயப்போட்ட துணி பூரா" என்றாள் மருமகள். "அதுக்கும் இதுக்கும் என்ன மேடம்?"

இன்ஸ்பெக்டர் அடுத்ததைக் கேட்டாள். "இன்னைக்குக் காலையில இவர் அந்த வார்த்தை சொன்னதும் யார் யார் என்ன பண்ணீங்க?"

"நான் படுக்கை, தலகாணி எல்லாம் புரட்டினேன். சிஸ்டர் ஐயாவைத் தூக்கிப் பிடிச்சாங்க. சின்ன மாமா தண்ணித் தொட்டி வழியுதுன்னு பாக்கப் போனார். வந்தவர்தான் பழைய மெத்தை ஞாபகம் வந்து, கடைக்குப் போலாம்னார்."

இன்ஸ்பெக்டர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மாடி ஏறினாள். முதுகு கெஞ்சியது. மேலே தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, ஒரு சின்ன அறை. கதவில் பூட்டு. பூட்டு முழுக்கத் தூசி. விரல் பிடிக்கிற இடம் மட்டும் துடைத்த மாதிரி இருந்தது. கீழே வந்து மருமகளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"மேல் ரூம் சாவி எங்க?"

"தெரியாது மேடம். மாமா உடம்பு நல்லா இருந்தப்போ அவர்தான் பூட்டுவார். அவர் விழுந்த அப்புறம் யாரும் திறக்கவே இல்ல. வெறும் தட்டுமுட்டுச் சாமான்."

கூடத்தில் தம்பி செய்தித்தாளை விரித்து வைத்திருந்தார். காலடியில் அவர் பயணப் பை. இன்ஸ்பெக்டர் எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மருமகளும் சிஸ்டரும் சுவரோரம் நின்றார்கள்.

"கிளம்பறீங்களா ஐயா?"

"ஆமாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு." பேப்பரை இறக்கவில்லை.

"அண்ணனுக்கு இப்படி ஆனது கஷ்டம்தான்."

"என்ன பண்றது."

"சின்ன வயசுல ஒண்ணா வளந்திருப்பீங்க."

"ஒரே வீடு, ஒரே தட்டு."

"சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"மெத்தைச் சாவி எங்க இருக்கு?"

"அண்ணன் ரூம் கதவுக்குப் பின்னாடி, ஆணியில."

மருமகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "மெத்தைக்குச் சாவியா? என்ன மேடம் கேக்கறீங்க?"

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

"உங்களுக்குப் புரியல. இவருக்குப் புரிஞ்சுடுச்சு" என்றாள் இன்ஸ்பெக்டர். "மாடி வச்ச வீட்டை மெத்தை வீடுன்னு சொல்லிக் கேட்டதில்லையா நீங்க? பழைய ஆளுங்க சில பேர் மாடியையே மெத்தைன்னுதான் சொல்வாங்க. உங்க மாமாவும் நல்லா இருந்தவரைக்கும் உங்க முன்னாடி மாடின்னுதான் சொல்லியிருப்பார். மூளையில அடி விழுந்ததும் பின்னாடி கத்துக்கிட்ட பேச்சு போச்சு. சின்ன வயசுப் பேச்சு மட்டும் மிஞ்சுது. மழை வந்தப்போ அவர் படுக்கையைச் சொல்லல. மாடியில துணி நனையுது, எடுங்கன்னு கத்தினார்."

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இவ்வளவு மெத்தை பாத்துப் பாத்து வாங்கினீங்களே, அதுலயே விடை இருந்துச்சு. விரிப்புக்கு அடியில பொத்தான் கிடந்தாலே கத்தற மனுஷன். பித்தளை டப்பாவை உள்ள வச்சுக்கிட்டு இத்தனை மாசம் அது மேலயே படுத்திருப்பாரா? பஞ்சுல கை விட்டுப் பாத்தேன், ஒரு குழி கூட இல்ல. டப்பா அதுல இருந்ததே இல்ல. அப்ப அவர் சொன்ன மெத்தை வேற." தம்பியின் பக்கம் திரும்பினாள். "அவரோட ஒரே வீட்டுல வளந்த ஆளுக்கு அது உடனே புரியும். தண்ணித் தொட்டியப் பாக்கற சாக்குல மேல போனீங்க. திறந்தீங்க, எடுத்தீங்க, சாவியை மாட்டினீங்க. அப்புறம் எல்லாரையும் கிளப்பிக் கடைக்குக் கூட்டிட்டு வந்தீங்க. பையைத் திறங்க ஐயா."

அவரே திறந்தார். துண்டுக்குள் சுருட்டி வைத்திருந்த டப்பாவை எடுத்து மேசையில், சிஸ்டரின் சீப்புக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எங்க அம்மாவோட தோடும்மா" என்றார் மருமகளைப் பார்த்து. "அம்மா காதுல இருந்து கழட்டி அண்ணிக்குப் போட்டாங்க. எனக்கும் பொண்டாட்டி இருந்தா. கடைசி வரைக்கும் கவரிங்தான் போட்டா."

"கேட்டிருக்கலாமே சின்ன மாமா."

"எத்தனை வருஷம் கேக்கறது?"

"சிஸ்டர் பேரை எதுக்கு இழுத்தீங்க?" என்றாள் இன்ஸ்பெக்டர்.

"நான் பேரே சொல்லலயே."

"தையலைக் காட்டினது நீங்க. கத்தி கேட்டது நீங்க. உள்ள ஒண்ணும் இருக்காதுன்னு தெரிஞ்சேதான் பிரிக்கச் சொன்னீங்க. வெறும் மெத்தையைக் காட்டினா பழி யார் மேல விழும்னு உங்களுக்குத் தெரியும்."

அவர் சிஸ்டரைப் பார்க்கவில்லை. கடைசி வரை பார்க்கவில்லை.

மருமகள் புகார் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கணவனுக்குச் சித்தப்பா, வெளியே தெரிந்தால் அசிங்கம். இன்ஸ்பெக்டர் அவரை வாசல் வரை போய் அனுப்பிவிட்டு வந்தாள். பெரியவருக்கு டப்பாவைக் காட்டினார்கள். அவர் அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனசுல வச்சுக்காதீங்க சிஸ்டர்" என்றாள் மருமகள். "பதட்டத்துல என்னமோ சொல்லிட்டேன். உங்களை நான் வெளி ஆளா நினைச்சதே இல்ல."

"பரவாயில்லக்கா."

"நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க."

"சரிக்கா."

சிஸ்டர் மேசை மேலிருந்த தன் சாமான்களை ஒவ்வொன்றாகப் பையில் போட்டாள். பெரியவரை ஒரு பக்கமாகத் திருப்பி, முதுகுக்குத் தலையணை கொடுத்து, விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். இன்ஸ்பெக்டர் தன் முதுகைப் பிடித்துக்கொண்டு வாசல் படியிறங்கினாள்.

மறுநாள் காலை சிஸ்டர் வரவில்லை. ஏஜென்சிக்குப் போன் பண்ணியதற்கு, அவர் வேறு வீடு கேட்டு வாங்கிப் போய்விட்டார், திங்கட்கிழமை வேறு ஆள் வரும் என்றார்கள்.