காவல் குழுவில் ஒரு பெயர்

நாலு மணி பஸ்சில் வந்து குரங்கணியில் இறங்கினாள் பொற்கொடி. யானை எச்சரிக்கைச் செயலியை ஓட்டும் கணினி, பழைய ஏலக்காய் ஸ்டோரின் முன்னறையில் இருந்தது. போடியில் மாலை வகுப்பு படித்தபடியே அவளும் சூர்யபிரகாஷும் எழுதிய செயலி அது. யானை இறங்கினால் ‘காவல்’ குழுவில் இருப்பவர்களின் போன் மட்டும் அலறும். ஒருவர் குழுவில் இருக்கிறாரா என்று பார்க்கும் நான்கு வரிகள் அவள் எழுதியவை.

பத்து நாளைக்கு முன், பீடியும் கையுமாகத் தோட்டக் காவலுக்குப் போன சோணையின் போன் அலறவில்லை. யானை அவரையும், யானை விரட்ட அவர் தட்டும் தகரத்தையும் மிதித்துப் போட்டது. பொற்கொடியின் வரிகளில்தான் தப்பு என்று ஊர் முன்னால் சொன்ன சூர்யபிரகாஷ், பிறகு தனியே டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றினான்.

ஜன்னலை மூடுபனி அடைத்தது. சோணையின் பெயரைக் கொடுத்து வரிகளை ஓட்டினாள். ‘இல்லை’. ஏழு முறை ஓட்டினாள். ஏழு முறையும் ‘இல்லை’. வரிகளில் பிசகில்லை. குழுவில்தான் பெயர் இல்லை.

மாற்றங்களின் பதிவைத் திறந்தாள்.

நீக்கப்பட்டவர்: சோணை. நீக்கியவர்: சூர்யபிரகாஷ். சாவுக்கு முந்தின நாள்.

போன் போட்டாள். அவன் மறைக்கவில்லை. சும்மா சும்மா கூப்பிட்டு, “மாப்ளே, யானை எங்க?” என்று சோணை உயிரை எடுத்தாராம். ரெண்டு நாள் கழித்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தானாம்.

“என் மேல ஏன் சொன்ன?”

“உன் மேல சொன்னா நீயே நம்பிருவன்னு தெரியும். கீழ முந்தல் ஊர்ல நிக்கிறேன். பைக்கை எடுத்துட்டு வெரசா வர்றேன், நேர்ல பேசுவோம்.”

போன் கட்டானது.

பீடி வாசனை வந்தது.

பின்னால் பூட்டியிருந்த, ஏலக்காய் உலர்த்தும் அறைக்குள் யாரோ தகரம் தட்டினார்கள். மெதுவாக.

பதிவில் புதிதாக ஒரு வரி ஏறியது.

நீக்கப்பட்டவர்: சூர்யபிரகாஷ். நீக்கியவர்: சோணை.

அவள் கையிலிருந்த போன் அலறியது. யானை, முந்தல் சாலை.

சூர்யபிரகாஷைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவன் பெயரைக் குழுவில் சேர்த்து வரிகளை ஓட்டினாள். ‘இல்லை’. மறுபடி சேர்த்தாள். ‘இல்லை’. ஏழு முறை.

எச்சரிக்கையைப் பார்த்தவர்கள் பட்டியலில் முதல் பெயர் விழுந்தது.

சோணை.

உள்ளே தகரச் சத்தம் நின்றது.